பாதி கழித்த வலி

கோட்டைப்பட்டினத்தில் ஹாஜா முகைதீன் வீட்டில் யாரும் எதையும் முழுசாக நம்புவதில்லை. அதை அவநம்பிக்கை என்று சொல்லக் கூடாது, தொழில். கருவாட்டு மண்டியிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். எதிரே நிற்பவன் ஒன்று சொன்னால் அதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியில் இருந்து பேச்சை ஆரம்பிக்கிற பழக்கம் அங்கே பால்குடி மறக்கும் முன்பே வந்துவிடும். மழை கொட்டுகிறது என்று வாசலில் இருந்து குரல் வந்தால் உள்ளே இருப்பவர்கள் தூறலுக்குத்தான் தயாராவார்கள். காய்ச்சல் கொதிக்கிறது என்றால் உடம்பு வெதுவெதுப்பு. மாப்பிள்ளை ராஜா மாதிரி இருக்கிறான் என்றால் கண்ணும் மூக்கும் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். சொல்கிறவர்களும் இதெல்லாம் தெரிந்தே இரண்டு மடங்காகச் சொல்வார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். அந்த வீட்டு வண்டி இப்படித்தான் முட்டாமல் மோதாமல் ஓடிக்கொண்டிருந்தது, ரமீஜாவின் வலது முன்னங்கை உடையும் வரை.

ரமீஜாவுக்குத் தாய்மாமனும் ஹாஜா முகைதீன்தான், மாமனாரும் அவர்தான். புருஷன் ஷாகிர் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருந்தான். ரமீஜா ஊரில் நண்டு எடுத்தாள். படகில் வருகிற நீலக்கால் நண்டைத் தரம் பார்த்து வாங்கி, கொட்டகையில் அவித்து, கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்புவது அவள் வியாபாரம். புடவைக்கு மேல் ஷாகிரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு அவள் மீன் இறங்குதளத்துக்குள் நுழைந்தால் படகுக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். காரணம் அவளுடைய வலது கட்டைவிரல்.

நண்டைப் பின்காலில் பிடித்துத் தூக்குவாள். மல்லாத்துவாள். வயிற்று ஓட்டில் கட்டைவிரலால் ஒரே ஒரு அழுத்து. ஓடு கல்லாக நின்றால் சதை நண்டு. துளி அமுங்கினாலும் தண்ணி நண்டு. தண்ணி நண்டை அவித்தால் சட்டியில் தண்ணீரும் கையில் ஓடும்தான் மிஞ்சும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே மினுக்கு, ஒரே முறைப்பு.

"இவ வெரலுக்கு ஒரு கண்ணு இருக்குடா," என்று படகுக்காரர் முகமது ரபீக் ஏசுவார். ஏச்சில் பாதியைக் கழித்தால் மிஞ்சுவது மரியாதை என்று ரமீஜாவுக்குத் தெரியும்.

அன்றைக்குக் காலையிலும் ரபீக்கின் நண்டுக் கூடை முன்னால்தான் நின்றாள். ஐஸ் உருகி, மீன் வழுவழுப்போடு கலந்து, சிமெண்டுத் தரை எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. கையில் ஒரு நண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். கால் போன திசை வேறு, உடம்பு போன திசை வேறு. விழுகிற யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள். சடக்கென்று ஒரு சத்தம். கையில் இருந்த நண்டின் கால்தான் ஒடிந்தது என்று நினைத்தாள். நண்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தாள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், பிறந்ததில் இருந்து ஒருநாளும் மடங்காத ஓர் இடத்தில், கை மடங்கி இருந்தது.

அவளோடு கொட்டகையில் நண்டு அவிக்கிற சந்தனமேரி ஓடி வந்தாள். தெர்மாகோல் பெட்டியின் மூடியை இரண்டாக உடைத்துக் கையின் அடியில் கொடுத்து, தன் முந்தானையால் கட்டித் தூக்கினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுக்கச் சொல்லு," என்றாள்.

அதற்குள் மண்டியில் இருந்து ஹாஜா முகைதீன் வந்துவிட்டார். "ஆஸ்பத்திரியா? பிளேட்டு, ஸ்க்ரூ, கம்பின்னு ஆர்டுவேர் கடை பூராவையும் மருமவ கையில ஏத்திருவானுங்க. மலையாண்டிட்ட போவோம். என் காலு ஒடைஞ்சப்ப ஆரு கட்டுனா? இந்தா நிக்கிறேன்ல, ஆணி மாதிரி."

ஆணி கொஞ்சம் வளைந்துதான் நின்றது. ஆனால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ரமீஜாவுக்கு அதைச் சுட்டிக்காட்டத் தெம்பில்லை.

மலையாண்டி அறந்தாங்கிப் பக்கத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். இரண்டு ஆள் பிடித்துக்கொள்ள, கையை இழுத்து நேராக்கினார். ரமீஜா கண்ணுக்குள் பகலிலேயே இருட்டுக் கட்டியது. முட்டை வெள்ளைக்கருவில் உளுந்தமாவும் பச்சிலையும் குழைத்துப் பூசினார். துணி சுற்றினார். மூங்கில் பத்தைகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் இறுக்கினார். விரல் நுனிகளும் கட்டைவிரலும் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. காரில் ஏற்றிய பிறகு, கண்ணாடிக்கு வெளியே மலையாண்டி மாமாவிடம் என்னவோ சொல்வதும், மாமா "ஆகட்டும், ஆகட்டும்" என்று கார்க் கதவைத் திறந்துகொண்டே தலையாட்டுவதும் தெரிந்தது.

"என்ன மாமா சொன்னாரு?"

"கட்டை ஆரும் தொடக் கூடாதாம். கட்டுன கைதான் அவுக்கணும். வலிக்கத்தான் செய்யும், எலும்பு கூடுற வலி. வேற என்ன, எல்லாரும் சொல்றதுதான்."

மதியத்துக்கு மேல் வலி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. காலையில் இருந்தது ஒடிந்த வலி. அது ஓர் இடத்தில் நின்று குத்தியது. இது வேறு. பூச்சு காயக் காயக் கட்டு உள்ளே சுருங்கியது. கை உள்ளிருந்து வெளியே தள்ளியது. நடுவில் மாட்டிக்கொண்டது ரமீஜா. மாத்திரை போட்டாள், மாத்திரை தோற்றது. கையைத் தலையணை மேல் வைத்தாள், மடியில் வைத்தாள், தொங்கவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வலி அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

"உசுரு போகுது மாமி," என்றாள்.

மாமியார் நெஸ்காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஷாகிர் பொறக்குறப்ப நானும் அதையேதான் சொன்னேன். போச்சா என்ன?"

"உள்ள நெருப்பு வச்ச மாதிரி இருக்கு மாமா."

"கணகணப்பு இருந்தாத்தான் எலும்பு ஒட்டும்," என்றார் ஹாஜா முகைதீன்.

ஷார்ஜாவில் இருந்து ஷாகிர் வீடியோவில் வந்தான். முகத்தில் உண்மையான கவலை இருந்தது, ஆனால் அவனும் அந்த வீட்டுப் பிள்ளை. "ரொம்ப வலிக்குதா? ரொம்பன்னா ரொம்பவா, இல்ல நம்ம வீட்டு ரொம்பவா?"

ரமீஜாவுக்கு இரண்டு ரொம்பவுக்கும் இடையில் எப்போதோ இருந்த கோடு அழிந்துபோயிருந்தது. போன வாரம் கொசு கடித்ததற்கும் இதே வாயால்தான் உசுரு போகுது என்றிருந்தாள். இப்போது நிஜச் சரக்கைக் கொண்டுவந்து கடையில் பரப்பி வைத்திருக்கிறாள், வாங்க ஆளில்லை.

அதைவிடக் கொடுமை, அவளும் கழித்துக்கொண்டிருந்தாள். நாம் கொஞ்சம் கூட்டித்தான் நினைக்கிறோம், பாதி பயம், பாதி செல்லம் என்று தன் வலியிலேயே தள்ளுபடி போட்டுப் பார்த்தாள். மீதி இருந்ததையே தாங்க முடியவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் சந்தனமேரி ஒரு சட்டியில் நண்டோடு வந்தாள். "மத்தியானப் படகுல வந்துச்சு. ரபீக் பாய் பூராவும் சதை நண்டுன்னு சாதிக்கிறாரு. நீ பாக்காம எடுத்தா எனக்குத் தூக்கம் வராது. இடது கையால பாரேன்." சொல்லிக்கொண்டே கட்டைப் பார்த்தவள் நிறுத்தினாள். "ஏ ரமீஜா, வெரலு என்ன இப்பிடி ஊதிக் கெடக்கு? நெகமெல்லாம் கருத்துல்ல வருது?"

"கட்டு வீக்கம் அப்பிடித்தான் இருக்குமாம்."

"ஆரு சொன்னா?"

"மாமா."

சந்தனமேரி சட்டியைக் கீழே வைத்தாள். ரமீஜா அந்த விரல்களையே பார்த்தாள். இடது கையால் நடுவிரலின் நுனியைப் பிடித்து லேசாக, ரொம்ப லேசாக நீட்டினாள். முழங்கை வரைக்கும் யாரோ கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இழுத்தது போலிருந்தது. வாயில் இருந்து வந்த சத்தம் அவளுக்கே புதிது.

மூச்சு திரும்பியதும் சொன்னாள்: "சந்தனக்கா, ஒரு நண்டை எடுத்து மல்லாத்தி இந்தக் கட்டைவெரலுக்கு அடியில வை."

"இப்ப எதுக்குடி?"

"வையேன்."

சந்தனமேரி நண்டைப் பின்காலோடு பிடித்து, வெள்ளை வயிற்றை அந்த விரலில் பொருத்தி அழுத்தினாள். ரமீஜா கண்ணை மூடிக்கொண்டாள். கல்லா, அமுங்குதா? அவள் காத்திருந்தாள். எத்தனையோ ஆயிரம் நண்டுக்கு உடனுக்குடன் பதில் சொன்ன விரல், கேட்ட கேள்வியே காதில் விழாதது போல இருந்தது.

"வச்சியா?"

"வச்சு அமுக்கிக்கிட்டுத்தான இருக்கேன்!"

கண்ணைத் திறந்தாள். ஓட்டின் கூர்முனை விரலில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. அவளுக்கு அது பக்கத்து வீட்டுக்காரி விரல் மாதிரி இருந்தது.

வலியைச் சொன்னால் யாரும் பாதியாக்கலாம், அவளே ஆக்கலாம். ஆனால் இது வாய் சொன்னதில்லை, விரல் சொன்னது. அந்த விரல் இதுவரை கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை.

"கத்திரியை எடு," என்றாள்.

நண்டுக்கால் வெட்டுகிற கத்திரி எப்போதும் சந்தனமேரி இடுப்பில் இருக்கும். அது வெளியே வந்ததைப் பார்த்ததும் மாமியார் போட்ட கூச்சலில் ஹாஜா முகைதீன் உள்ளே வந்தார்.

"என்ன பண்ற மருமவளே? கட்டுன ஆளு இல்லாம கட்டுல கத்தி வைக்கக் கூடாது. அந்த மனுசன் வாசலை இனிமே எப்பிடி மிதிக்கிறது? நான் சொல்லித்தான கட்டுனாரு? எம் பேச்சு என்ன ஆகுறது?"

"உங்க பேச்சு இருக்கும் மாமா. அவரு வாசலும் இருக்கும். என் கைதான் இருக்காது."

"காலையில வரைக்கும் பொறு. நானே கூட்டிட்டுப் போறேன்."

"காலையிலயா? மத்தியானம் கெட்டுப்போற மீனை நாளைக்கு ஐஸ் வைக்கலாம்னு எந்த ஊர்ல சொல்லுவாங்க?"

"சரி, ராத்திரி தொழுகை முடியட்டும். ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு..."

மாமா பேரம் பேசுகிறார் என்று ரமீஜாவுக்குப் புரிந்தது. காலையில் ஆரம்பித்து ராத்திரிக்கு இறங்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் அந்தி மஃரிபு தொழுகைக்கே ஒப்புக்கொள்வார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த விளையாட்டை ரசித்து ஆடியிருப்பாள். அவர் கற்றுக்கொடுத்த விளையாட்டுத்தான். கத்திரியை இடது கையில் வாங்கினாள். முதல் கயிற்றில் வைத்து அழுத்தினாள். இடது கைக்கு அந்த வேலை தெரியாது, கத்திரி வழுக்கி முழங்கையைக் கீறியது. மறுபடி வைத்தாள்.

"சந்தனமேரி, நீ வெளிய போ," என்றார் ஹாஜா முகைதீன். "இது எங்க வீட்டு விசயம்."

சந்தனமேரி போகவில்லை. மாமாவையும் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து, ரமீஜா கையில் இருந்து கத்திரியை வாங்கி, கயிற்றையும் காய்ந்து மரக்கட்டையாகியிருந்த துணியையும் முழங்கையில் இருந்து விரல் வரை ஒரே நேராக வெட்டிப் பிளந்தாள். மூங்கில் பத்தைகள் தரையில் கொட்டின. உள்ளே இருந்தது கை மாதிரி இல்லை. தோல் பளபளவென்று, தட்டினால் சத்தம் வரும் போல விறைத்திருந்தது.

வலி ஓர் அடி பின்வாங்கியது. அவ்வளவுதான், ஓடிவிடவில்லை. விரல் இன்னும் செவிடாகவே இருந்தது.

"ஃபெலிக்ஸ் வண்டி கொட்டகையில நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள் ரமீஜா.

ஃபெலிக்ஸ் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். நண்டுப் பெட்டிகளைப் பாதி ஏற்றியிருந்தான். ரமீஜாவின் கையைப் பார்த்ததும் மீதிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஏறினான். வழியெல்லாம் பள்ளம் வந்தால் "பள்ளம் வருதுங்கக்கா" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓட்டினான். பின்னாலேயே மாமாவின் கார் வந்தது.

அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் பொற்கொடி கையைத் தொட்டுப் பார்த்தார். முன்னங்கையை அமுக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினார். ரமீஜா கட்டிலின் கம்பியை இடது கையால் பிடித்து முறுக்கினாள். டாக்டர் நர்ஸைப் பார்த்து, "தியேட்டர் ரெடி பண்ணுங்க, இப்பவே," என்றார்.

"எலும்பு சேரலையா டாக்டர்?"

"எலும்பு கெடக்கட்டும்மா, அது காத்துக்கிட்டிருக்கும். இங்க ரெண்டு எலும்பு." தன் கையையே நீட்டிக் காட்டினார். "சுண்டுவிரல் பக்கம் இருக்கிறது அல்னா, அது வாசல் நிலை மாதிரி அசையாம நிக்கும். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், அது கதவு மாதிரி. நீங்க உள்ளங்கையைத் திருப்பும்போதெல்லாம் இது அது மேல உருளும். ஒங்களுக்கு நிலையும் ஒடைஞ்சிருக்கு, கதவும் ஒடைஞ்சிருக்கு. அதைப் பிளேட்டு வச்சு நிறுத்திரலாம். அவசரம் அதுக்கில்ல. வெரலை மடக்குற சதையெல்லாம் இந்த முன்னங்கையிலதான் இருக்கு. அதைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அந்த உறை விரியாது. உள்ள சதை வீங்குது, மேல இறுக்கமாக் கட்டு. ரத்தம் போக வழியில்ல. சதையும் நரம்பும் பட்டினியாக் கெடக்கு. நேரம் போச்சுன்னா செத்துரும். அப்புறம் வெரல் அஞ்சும் கொக்கி மாதிரி மடங்கினது மடங்கினதுதான்."

"ஓடு கழட்டாத நண்டு," என்றாள் ரமீஜா மெல்ல.

டாக்டருக்குப் புரியவில்லை. சந்தனமேரி சொன்னாள்: "நண்டு பெருக்கையில பழைய ஓட்டை ஒடைச்சுக்கிட்டு வெளிய வந்தாகணும் டாக்டரம்மா. வர முடியாம மாட்டிக்கிச்சுன்னா உள்ளயே செத்துப்போகும்."

"அதேதான். அந்த ஓட்டைத்தான் நான் தொறக்கப் போறேன்."

"எவ்வளவு நீளம்?"

டாக்டர் மணிக்கட்டில் விரலை வைத்து முழங்கை வரை இழுத்துக் காட்டினார்.

"அதுல பாதி..." ரமீஜாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"பாதி தொறந்தா பாதிக் கைதான் பொழைக்கும்," என்றார் டாக்டர். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஒரே விலைக் கடையில் பலகையைக் காட்டுகிற மாதிரி சொன்னார். "எந்தப் பாதி வேணும்?"

ரமீஜாவுக்கு அந்த வலியிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறந்ததில் இருந்து சொன்ன விலையைக் கொடுத்து அவள் ஒரு சாமான் வாங்கியதில்லை.

"முழுசாத் தொறங்க," என்றாள்.

அந்த நேரத்தில்தான் ஹாஜா முகைதீன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "டாக்டரம்மா, கொஞ்சம் இருங்க. பொம்பளப்புள்ள கை. அம்புட்டு நீளத்துக்குக் கீறினா தழும்பு நிக்கும். அவ புருசங்காரன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுர்றோம். ஊசி கீசி போட்டுப் பாத்து..."

"கை ஷார்ஜாவுலயா இருக்கு மாமா?" என்றாள் ரமீஜா. நர்ஸ் பக்கம் திரும்பினாள். "எங்க போடணும் கையெழுத்து?"

"வீட்டு ஆளுங்க..." என்று இழுத்தாள் நர்ஸ்.

"அவங்களுக்குச் சுயநினைவு இருக்கு, அவங்க போட்டாப் போதும்," என்றார் டாக்டர்.

இடது கையால் போட்ட கையெழுத்து, ஈரமண்ணில் நண்டு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. ஆனால் காகிதத்தின் ஓரம் வரை போனது.

கண் விழித்தபோது முன்னங்கை முழுக்கப் பஞ்சும் துணியுமாக, தளர்வாக, தூக்கி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே காயத்தை மூடவில்லையாம். வீக்கம் வடியட்டும் என்று திறந்தே விட்டிருக்கிறார்களாம். பிறகு தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டுவார்களாம். ரமீஜா அதையெல்லாம் அரைக் காதில் வாங்கிக்கொண்டு நகத்தை மட்டும் பார்த்தாள். கருப்பு போய்க் கொஞ்சம் ரோஜா நிறம் ஏறியிருந்தது. விரல் இன்னும் மரத்துத்தான் கிடந்தது. நரம்பு மெதுவாகத்தான் விழிக்கும் என்றார் டாக்டர், விழிக்கும் என்றும் சொன்னார், முழுசாகவா என்று கேட்டபோது "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போமில் எதையும் கழிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

வார்டில் இருந்தபோது மலையாண்டி வந்தார். கையில் ஒரு சீப்புப் பூவன்பழம், முகத்தில் ஊரெல்லாம் பேசியது அத்தனையும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஹாஜா முகைதீன் உட்கார்ந்திருந்தார். மலையாண்டியைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆயி, எங் கட்டாலதான் கை போச்சுன்னு கோட்டைப்பட்டினத்துல ஒரே பேச்சாம்," என்றார் மலையாண்டி. "நான் ஒங்க மாமாட்ட அன்னைக்கே சொன்னேன். கார்ல ஏறுறப்ப சொன்னேன். வெரலு மரத்தாலோ, கருத்தாலோ, வலி கூடிக்கிட்டே போனாலோ ஒரு நிமிசம் தங்காம கொண்டாந்துருங்க, இல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருங்கன்னு சொன்னேன். கேளுங்க அவரை."

ரமீஜா மாமாவைப் பார்த்தாள். காருக்கு வெளியே ஆடிய அந்தத் தலை, அந்த "ஆகட்டும், ஆகட்டும்" நினைவுக்கு வந்தது.

"சொன்னாரா மாமா?"

ஹாஜா முகைதீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாமானை வித்தவன் எவனும் கடைசியில அதத்தான் சொல்லுவான். ஏதாச்சும்னா கொண்டாங்க, மாத்தித் தாரேன்னு. கடைப்பேச்சு. அதையெல்லாம் யாரு மனசுல வச்சிருக்கா?"

துணைக்கு இருந்த சந்தனமேரி உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

மலையாண்டி முகம் தெளிந்தது. "பாத்தீங்களா? எம் மேல ஒண்ணும் இல்லை."

"அப்பிடி ஓடாதீங்க," என்றாள் ரமீஜா. "அன்னைக்கு ஒடைஞ்ச கை, அன்னைக்கே வீங்கத்தான் செய்யும். அது தெரிஞ்ச மனுசன் வீங்க எடம் விடாம ஏன் இறுக்குனீங்க? அதுவும் காயக் காயச் சுருங்குற பூச்சை வச்சு? அதை எனக்கிட்ட ஏன் சொல்லல? கை என்னோடதா, எங்க மாமாவோடதா?"

மலையாண்டி பழத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். வாசல் பக்கம் நடந்தார்.

அவர் போன பிறகு மாமா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். குரலைத் தணித்தார். அது மண்டியில் கடைசி விலை பேசும்போது வருகிற குரல். "இங்க பாரு மருமவளே. ஊருக்கு நம்ம வீட்டு விசயம் எதுக்கு? அவன் கட்டுல கோளாறுன்னு இருக்கட்டும். அவன் ஊரு வேற. இல்ல, அதுவும் வேணாமா, சரி. பாதி அவன் தப்பு, பாதி எந் தப்பு. அப்பிடி முடிச்சுக்கலாம்."

"முடியாது மாமா."

"ஏன்?"

"அவரு இறுக்குனது முழுத் தப்பு. நீங்க சொல்லாம விட்டது முழுத் தப்பு. என் வலியை நானே பாதியாக் கழிச்சுக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன் பாருங்க, அது என்னோடது, அதுவும் முழுசுதான். தளத்துல கேக்குறவங்களுக்கெல்லாம் மூணையும் சொல்லத்தான் போறேன். நாளைக்கே இன்னொருத்தன் கையை ஒடிச்சுக்கிட்டு அந்தத் தளத்துலதான் உக்காந்திருப்பான்."

"என்னை அசிங்கப்படுத்துற."

"கையை எடுத்திருந்தா ஒங்க பேரு ரொம்ப அழகா இருந்திருக்குமா?"

ஹாஜா முகைதீன் எழுந்து போய்விட்டார். மறுநாள் சோறு கொண்டுவந்தவரும் அவர்தான். மீனில் முள்ளை எடுத்துவிட்டுத் தட்டை அவள் இடது கைப் பக்கமாக நகர்த்தி வைத்தார். ரமீஜா அதில் எதையும் கழிக்கவில்லை. அதே சமயம் தான் சொன்னதிலும் எதையும் குறைக்கவில்லை.

பிளேட்டு வைத்தார்கள், தோல் ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்து ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பழகினாள். முதலில் பந்து சிரித்தது. அப்புறம் மெல்ல அமுங்கியது. விரல்கள் மடங்கின, நீண்டன. உள்ளங்கை மட்டும் முழுசாக வானத்தைப் பார்க்கத் திரும்பவில்லை. டாக்டர் சொன்ன கதவு முக்கால்வாசிதான் திறந்தது. தொழுகை முடிந்து துவாவுக்குக் கைகளை ஏந்தினால் இடது கை நேராகவும் வலது கை சாய்ந்தும் நின்றன. "அல்லாவுக்குத் தெரியும், நான் ஏந்தத்தான் செய்றேன்னு," என்று மாமியாரிடம் சொன்னாள். வீடியோவில் ஷாகிர் எப்போது வலியைப் பற்றிக் கேட்டாலும் இப்போது ரொம்ப என்ற சொல்லைத் தொடுவதில்லை. "என்ன செய்யுதுன்னு மட்டும் சொல்லு," என்பான், அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முயற்சி செய்து கஷ்டப்படுவான்.

கட்டைவிரலுக்கு நண்டை மட்டும் அவள் வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் தளத்தில் பார்ப்பது என்று இருந்தாள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போய் வந்த காலையில் ரமீஜா தளத்துக்கு வந்தாள். அதே முழுக்கைச் சட்டை. மண்டி வாசலில் நின்ற ஹாஜா முகைதீன் அவளோடு சேர்ந்து நடந்தார். ரபீக்கின் கூடையைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. அவளைப் பார்த்ததும் பேச்சு இரண்டு மடங்கானது.

"வா தாயி," என்றார் ரபீக். "ஒன் கை செத்துப்போச்சுன்னு ஊரே சொல்லுச்சே. இனிமே சந்தனமேரிதான் தரம் பாக்கப் போகுதுன்னு நெனச்சு நானும் சந்தோசமா இருந்தேன்."

"நான் பாத்தா ஒங்க பொழப்பு இன்னும் நாறிப்போகும் பாய்," என்றாள் சந்தனமேரி.

ரமீஜா சட்டைக் கையை உருட்டிவிட்டாள். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தழும்பு ஓடியது. நடுவில் ஒட்டுத் தோல் பழைய படகின் அடிப்பலகை போலச் சுருங்கி மினுங்கியது. பக்கத்தில் நின்ற ஒருவன் "அம்மாடி" என்றான்.

"எறக்கி விடு மருமவளே," என்றார் ஹாஜா முகைதீன் காதோடு. "எல்லாரும் பாக்குறானுங்க."

அவள் சட்டைக் கையை இன்னும் ஒரு சுற்று மேலே உருட்டினாள். கூடையில் கையை விட்டாள். கிடைத்த முதல் நண்டைப் பின்காலோடு பிடித்துத் தூக்கினாள். நண்டை மல்லாத்தினாள். உள்ளங்கை முக்கால்வாசிதான் திரும்பும் என்பதால் தோளையே சாய்த்து அதற்கு வழி விட்டாள். வெள்ளை வயிற்றில் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ரபீக்கின் மீசை மேலே ஏற ஆரம்பித்தது.

பிறகு, வெகு தூரத்தில் இருந்து யாரோ கூப்பிடுவது போல, ஓடு விரலுக்கு அடியில் துளி, ஒரே துளி, உள்ளே போனது.

"தண்ணி," என்றாள் ரமீஜா.

"தண்ணியா? கல்லு மாதிரி இருக்கு! சதை நண்டு அது. மரத்துப்போன வெரலை வச்சுக்கிட்டு என்கிட்ட..."

சந்தனமேரி இடுப்பில் இருந்து கத்திரியை எடுத்து ஓட்டைப் பிளந்தாள். தண்ணீர் ரபீக்கின் செருப்பில் ஒழுகியது.

கூட்டம் சிரித்தது. ரபீக்கும் கடைசியில் சிரித்துவிட்டார். "சரி, அந்தப் பாழாப்போன வெரலு வந்திருச்சு. கைக்கு என்னதான் ஆச்சு தாயி? ஊர்ல ஆளுக்கொரு கதை சொல்றானுங்க."

ஹாஜா முகைதீன் தரையைப் பார்த்தார். ரமீஜா கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"சொல்றேன், கேளுங்க. ஆனா ஒண்ணு. இதுல யாரும் பாதி கழிக்கக் கூடாது."